நாடகத் தமிழாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துச் சொல்வது நம் வழக்கம். மாணவர்க்கும் அதனையே தொடக்க வகுப்பிற் சொல்லிக்கொடுக்கின்றோம். ஆயினும், பல்லாண்டுகளாகப் பண்டித வகுப்புக்களிலே பாடஞ் சொல்லிவருகின்ற யான், அம்மூன்றாவது தமிழுக்கு ஒருநாளேனும் உரிய இடங் கொடுத்ததுண்டா என்று என்னையே வினவிக்கொள்ளும்படியான ஒரு மாலைப்பொழுது அண்மையிலே வாய்த்தது. அம்மாலையின் நினைவே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று.

ஊர்காவற்றுறையிலே, நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாத அன்பர் சிலர் கூடி ஒரு குழு அமைத்திருக்கின்றனர். பாடசாலை ஆசிரியர் இருவர், கடற்றொழிலாளர் நால்வர், தையற்காரர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்திலே எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறியவர் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஆகிய இவர்களே அக்குழுவினர். விடியவிடிய ஒரு நாடகத்தை ஆடுதற்கு வேண்டிய ஆளும் பொருளும் இக்காலத்திலே எளிதிற் கிடைப்பன அல்ல. ஆகவே, பழைய இசைநாடகங்களிலுள்ள பாடல்களை மட்டும் தெரிந்தெடுத்து, வேடமுந் திரையுமின்றி, ஓரிசைநிகழ்ச்சியாக நடாத்த எண்ணினர். அதற்குத் தலைமை தாங்கும்படி என்னைக் கேட்டனர். அரை மனத்துடனேயே யான் இசைந்தேன்.

கடற்காற்று வீசும் ஒரு சிறு மண்டபம். வெளியே வந்து நின்றால் நீரின் நடுவே கடற்கோட்டை தெரியும். அதற்கப்பாற் காரைநகர்க் கரை. மண்டபத்தினுள்ளே ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு சோடி தாளம். பாடுவோர் கதிரைகளில் வரிசையாக இருந்தனர். வள்ளி திருமணம், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி, ஞானசௌந்தரி என்று ஒவ்வொரு நாடகத்தின் பெயரையும் சொல்லி, கதை நிகழும் இடத்தை இரண்டொரு வாக்கியத்தில் விளக்கியபின் பாடினர். அவையிலிருந்த முதியோர் பலர் உடன் பாடினர். சிலர் வாய்திறவாமல் உதடு மட்டும் அசைத்தனர். ஒரு மூதாட்டியார் வள்ளியும் நாரதரும் தருக்கிக்கும் பாடலை முதலடி தொட்டு ஈற்றடி வரை அறிந்திருந்தார். அவர் பாடசாலையில் இரண்டாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இடைவேளையிலே மாணவர் சிலரை அழைத்து, இப்பாடல்களை இயற்றியவர் யார் என்று கேட்டேன். ஒருவரும் அறியார். முதியோரைக் கேட்டேன். நாடகப் பாட்டு என்றனர். அண்ணாவிமார் பாட்டு என்றனர். ஒருவர் மட்டும், சங்கரதாஸ் என்றொரு சுவாமியார் பெயரைத் தம் தகப்பனார் சொல்லக் கேட்டதுண்டு என்றார். பாட்டு வாழ்கின்றது, பாடியவர் பெயர் மறைந்தது. எனவே, எழுதிவைத்திருந்த தலைமையுரையை மடித்து வைத்துவிட்டு, சுவாமிகளின் வரலாற்றையே எனக்குத் தெரிந்தவாறு அன்று சொன்னேன். சொன்னதைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றேன்.

தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரிலே, 1867 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7 ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். தந்தையார் இராமாயணத்திலே மிக்க பயிற்சியுடையவர். இராமாயணப் புலவர் என்றே ஊரார் அவரை அழைத்தனர். மைந்தனுக்கு முதலாசிரியரும் அவரே. இளமையிலே தமிழ்ச்சுவை கண்ட அப்பிள்ளை, மேலும் கற்கும் அவாவினாற் பழனி தண்டபாணி சுவாமிகளை அடைந்தார். வண்ணப் பாடல்களிலே நிகரற்று விளங்கியமையின் வண்ணச்சரபம் எனப் புகழப்பெற்ற பெரும்புலவர் அவர். 1839 முதல் 1898 வரை வாழ்ந்தவர். உடுமலை முத்துசாமிக் கவிராயர் சுவாமிகளுக்கு ஒருசாலை மாணாக்கராயிருந்தார்.

ஆசிரியரின் சிறப்பு யாது என்பதை மாணாக்கர் மனங்கொள்ளல் வேண்டும். வண்ணம் என்பது எழுத்தின் வன்மை, மென்மை, இடைமை, குறுமை, நெடுமை என்பன தாளக்கட்டுக்கு இயைய அடிதோறும் ஒத்து வருமாறு பாடப்படுவது. ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் நடை கெடும். அத்தகைய கட்டுப்பாட்டிலே பயின்ற ஒருவர்க்கு வெண்பாவும் விருத்தமும் விளையாட்டுப் போலாகும். பதினாறாம் வயதிலேயே வெண்பாக்களும் இசைப்பாடல்களும் இயற்றத் தொடங்கினார் என்றால் அதில் வியப்பில்லை.

புலமை வயிற்றை நிரப்பாது. ஆதலின், தூத்துக்குடியிலே ஓர் உப்புப் பண்டகசாலையிற் கணக்கராகச் சிலகாலம் வேலை பார்த்தார். மனம் அதிலே தங்கவில்லை. 1891 ஆம் ஆண்டு, தமது இருபத்துநான்காம் வயதிலே, அவ்வேலையைத் துறந்து நாடகத்துறை புகுந்தார். அதே 1891 ஆம் ஆண்டிலேதான் சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அச்சபையார் வழக்கறிஞர், உத்தியோகத்தர் முதலிய கற்றோர். நாடகத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். சுவாமிகள் புகுந்த மேடையோ கூலிக்கு நடிப்போர் மேடை. நடிகர் என்றால் வீட்டுத் திண்ணையிலும் இருக்கவிடாத காலம் அது. நல்ல புலவர் ஒருவர் கூத்தாடிகளோடு சேர்ந்துவிட்டாரே என்று கற்றோர் வருந்தியிருப்பர். அவ்வருத்தத்தைப் பொருட்படுத்தாது அவர் அங்கே சென்றமையாலேயே அம்மேடைக்குத் தமிழ் கிடைத்தது.

முதலில் அவர் நடிகராகவே விளங்கினார். இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் சபையிலே இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்னும் வேடங்களை ஏற்றார். ஓங்கிய உருவமும் கம்பீரமான குரலும் அவ்வேடங்களுக்குப் பொருந்தின. அந்நாளைய நிகழ்ச்சி ஒன்றை நாடக உலகத்தார் வழிவழியாகச் சொல்லிவருவர். சனீசுவரன் வேடமிட்டு இரவு முழுதும் நடித்தபின், விடியற்காலையிலே அரிதாரத்தைக் கழுவுவதற்கு நீர்நிலை ஒன்றை நாடிச் சென்றாராம். இருள் நீங்காத அவ்வேளையில் அக்கோலத்தைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்து உயிர்துறந்தாளாம். அந்நாள் முதல் வேடம் புனைவதை அவர் விட்டார் என்பர். எவ்வாறாயினும், அவர் நடிப்பைத் துறந்து ஆசிரியராகவே நிலைத்தார் என்பது உண்மை. தலயாத்திரை செய்து, துறவு மனங்கொண்டு, இல்லறம் புகாது வாழ்ந்தமையால் உலகம் அவரைச் சுவாமிகள் என்றே அழைத்தது.

யாத்திரையின் பின்னர் அவர் புதுக்கோட்டையை அடைந்தது தமிழ்மேடையின் நற்பேறு. அங்கே கஞ்சிராக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்தார். அவரிடம் சுவாமிகள் தாள நுட்பங்களைக் கற்றார். ஆசிரியரும் அவரை மகன்போற் பேணினார். வண்ணப் புலவரிடம் சொல்லின் ஓசையையும், கஞ்சிரா மேதையிடம் தாளத்தின் கணக்கையும் கற்ற ஒருவர் நாடகப்பாட்டு எழுத உட்கார்ந்தால் எத்தகைய பாட்டுப் பிறக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பாடகன் மூச்செடுக்கும் இடமும், மிருதங்கம் தீர்மானம் வைக்கும் இடமும், பொருள் முடியும் இடமும் ஒன்றாய் அமையும். அன்று ஊர்காவற்றுறையிலே எழுத்தறியாத மூதாட்டியார் நெடும்பாடலொன்றை மறவாது பாடியதன் காரணம் எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. நினைவிலே நிற்கும்படி கட்டப்பட்ட பாட்டு அது.

வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் முதலியோரின் நாடகசபைகள் பலவற்றிற்கு அவர் ஆசிரியராயிருந்தார். 1910 ஆம் ஆண்டிலே சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். அவருக்கு முன்னிருந்த மேடையின் நிலை யாதெனில், பாட்டு மட்டுமே ஓரளவு வரையறுக்கப்பட்டிருந்தது. வசனத்தை நடிகர் தத்தம் மனம்போனவாறு பேசுவர். கதை ஒருபக்கம் இழுக்க, நடிகரின் வாய்வீச்சு மற்றொரு பக்கம் இழுக்கும். சுவாமிகள் பாட்டோடு உரையாடலையும் எழுதி, பாடமாக்குவித்தார். வெண்பா, விருத்தம், சந்தம், கீர்த்தனை என்னும் எல்லாவற்றையும் இடமறிந்து வைத்தார். வடநாட்டிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளின் மெட்டுக்கள் மக்களைக் கவர்ந்ததைக் கண்டு, அவற்றையும் தள்ளாது தமிழ்ச்சொல்லைப் பெய்து தமதாக்கினார். திருக்குறள் முதலிய நூல்களின் கருத்துக்களைப் பாத்திரங்களின் பேச்சிலே கலந்தார். கற்றவர் வீட்டு ஏட்டிலிருந்த தமிழ் கொட்டகைத் தரையிலிருந்தவன் செவிக்கு எட்டியது இவ்வாறே.

அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பதுக்குக் குறையா. மேலே சொன்னவற்றை விட, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, சாரங்கதரன், பிரகலாதன், இலவகுசா, சதி சுலோசனா, மணிமேகலை என்பன பெயர்பெற்றவை. ஷேக்ஸ்பியரின் றோமியோவும் ஜூலியத்தும், சிம்பலைன் ஆகிய நாடகங்களையும் தமிழ்மேடைக்கு ஏற்ப ஆக்கினார். அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது அவருடைய மாணாக்கர்கள் பெருமையோடு சொல்லிய செய்தி.

நடிகரின் ஒழுங்கின்மையால் மனம் வருந்திய சுவாமிகள், வளர்ந்தோரைத் திருத்துவதினும் சிறுவரைப் பயிற்றுவதே நன்று எனத் துணிந்தார். ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபையிலே ஆசிரியராயிருந்தார். பின்னர், 1918 ஆம் ஆண்டிலே மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் பெயரால் ஒரு சிறுவர் சபையை நிறுவினார். குருகுலம் போன்றது அது. பிள்ளைகள் ஆசிரியரோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கிப் பாடங்கேட்டனர். பின்னாளிலே டி. கே. எஸ். சகோதரர் எனப் பெயர்பெற்ற நால்வருள் மூத்தோர் அங்கே சேர்ந்தனர். மூன்றாமவராகிய டி. கே. சண்முகம் ஆறு வயதுக் குழந்தையாய் அச்சபையினுள் நுழைந்தவர். 1972 இல் வெளிவந்த எனது நாடக வாழ்க்கை என்னும் அவரது நூல் இல்லையாயின், சுவாமிகளைப்பற்றி இன்று நாம் அறிவன பல மறைந்தே போயிருக்கும். ஆசிரியன் பெயரைக் காப்பவன் மாணாக்கனே.

சபை தொடங்கிய மூன்றாண்டுகளிலே பெருந்துன்பம் வந்தது. 1921 ஆம் ஆண்டிலே சுவாமிகளைப் பாரிசவாதம் தாக்கியது. கைகால் முடங்கின, பேச்சும் நின்றது. எமனாக நின்று கர்ச்சித்த குரல் அது. நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அது. ஏறக்குறைய ஓராண்டு அவர் அந்நிலையிலே கிடந்தார். அவர் எழுதிய நாடகங்களோ ஊரூராக நடந்தவண்ணமிருந்தன. தாம் வாய்திறந்து ஒரு சொல்லுங் கூறமுடியாதிருக்கையில், தம்முடைய சொற்களைச் சிறுவர் வாயிலே கேட்டுக்கொண்டிருந்த புலவரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று என்னாற் சொல்ல முடியவில்லை. 1922 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13 ஆம் நாள், புதுச்சேரியிலே, தமது ஐம்பத்தைந்தாம் வயதிலே அவர் மறைந்தார். புதுச்சேரி கருவடிக்குப்பத்திலே அவரது சமாதி இருக்கின்றது. நாடகக் கலைஞர் இன்றும் அங்கே சென்று வணங்குவர்.

அவர் மறைந்தார், பாட்டுக் கடல் கடந்தது. தமிழ்நாட்டுக் கம்பெனிகள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வந்து கொட்டகை அமைத்து நடித்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடிக்கத் தொடங்கியது 1920களிலே கொழும்பு மேடையிலாகும். கலையரசு சொர்ணலிங்கம் 1913 இலே கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையை அமைத்துப் பம்மல் சம்பந்த முதலியாரின் வழியைப் பின்பற்றினார். அது கற்றோர் வழி. யாழ்ப்பாணத்து ஊர்களிலே பரவியதோ சுவாமிகளின் இசைநாடக வழி. அதிலே தலைசிறந்து விளங்கியவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து, 1924 இலே பிறந்து 1989 இலே மறைந்தவர். அவரது அரிச்சந்திரன் வேடத்தைக் காண நம்மூரார் கடல் கடந்தும் பண்ணைப் பாலம் கடந்தும் செல்வர். தீவகத்திலே ஞானசௌந்தரியைக் கத்தோலிக்க அன்பர் தம்முடையதாகவே கொண்டனர். வள்ளி திருமணத்தைச் சைவர் கோயில் வீதியில் ஆடினர். இருசாராரும் ஒரே ஆர்மோனியத்தை இரவல் வாங்கினர்.

இனி, எனது குற்றத்தையும் சொல்லுதல் வேண்டும்.

என் பெரியப்பா நாடகம் ஆடியவர். தோட்டவேலை அவர் தொழில். எமன் வேடம் அவர் பெருமை. சாவித்திரி நாடகத்திலே எமன் பாடுவதாக நம்மூர் மேடையில் வழங்கிய ஒரு வெண்பாவை மாலைவேளைகளிலே திண்ணையிலிருந்து பாடுவார். 1988 இலே யான் பாலபண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தி, யாப்பருங்கலக்காரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் திருத்தப் புறப்பட்டிருந்தேன். ஒருநாள் அவர் பாடுகையிற் குறுக்கிட்டு, ஈற்றுச்சீர் பிழை, தளையும் தட்டுகிறது, இது கொட்டகைக்காரர் யாரோ கட்டியது என்று பலர் முன்னிலையிற் கூறினேன். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. அதன்பின் நான் வீட்டிலிருக்கும்போது அவர் பாடியதில்லை. 1990 இலே ஊர் பெயர்ந்தது. பாட்டுக்கள் எழுதியிருந்த அவருடைய கொப்பி வீட்டோடு போயிற்று. அவர் வன்னியிலே காலமானார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் நான் சொன்னது சரி என்றே நம்பியிருந்தேன்.

அன்று அம்மண்டபத்திலே, கடற்றொழில் செய்யும் முதியவர் ஒருவர் எழுந்து அதே வெண்பாவைப் பாடினார். இளமையிலே என் பெரியப்பாவிடமே கற்றாராம். நிகழ்ச்சி முடிந்தபின் அவரை அணுகி, பாடாமற் சொல்லும்படி வேண்டினேன். இரண்டு முறை முயன்றும் அவருக்கு இசையின்றிச் சொல்ல வரவில்லை. மூன்றாம் முறை மெல்லச் சொன்னார். யான் விரல்விட்டு அசை பிரித்தேன். தளை ஓரிடத்துந் தட்டவில்லை. ஈற்றுச்சீர் இலக்கணத்துக்கு அமைந்தே நின்றது. பாடும்போது இசைக்காகக் குறில் நீண்டொலிக்கும். அந்நீட்டத்தை எழுத்தின் மாத்திரையாகக் கொண்டு, நெடில் என்று அசை பிரித்தவன் நானே. பிழை பாட்டிலுமில்லை, பாடியவரிடத்துமில்லை. இசையளபு வேறு, எழுத்தளபு வேறு என்று மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் எனக்கு அதை அறிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

அவ்வெண்பா சுவாமிகளின் கையிலிருந்தே வந்ததோ, அவர் வழிவந்தார் கட்டியதோ என்பதன்று என் கவலை. அத்தகைய செப்பமான யாப்பு ஒரு தோட்டக்காரர் நாவிலும் ஒரு கடற்றொழிலாளர் நாவிலும் சிதையாது இருந்தமைக்கு, நாடகமேடையைத் தமிழ்ப்பள்ளியாக்கிய அவரே காரணர் என்பதுதான். பரிதிமாற் கலைஞர் 1897 இலே நாடகவியல் என்னும் இலக்கணநூல் செய்தார். நம் விபுலாநந்த அடிகள் 1926 இலே மதங்க சூளாமணி செய்தார். அவற்றை நாம் போற்றிப் படிக்கின்றோம். மேடையிலே நின்று அத்தமிழை நடத்திக் காட்டியவரையோ படிப்பில்லாதாரிடம் விட்டுவிட்டோம். படிப்பில்லாதார் அவரைக் கைவிடவில்லை.

மறுவாரந் தொட்டு, சனிக்கிழமைகளிலே மாணவர் சிலருடன் அம்முதியவர் வீட்டுக்குச் சென்று வருகின்றேன். அவர் பாடுவார், ஒரு மாணவர் ஒலிப்பதிவு செய்வார், மற்றொருவர் எழுதுவார், யான் அசை பிரித்து ஒப்பிடுவேன். இதுவரை பதினான்கு பாடல்கள் எழுதியாயின. அவர் வயது எண்பதைத் தாண்டிவிட்டது; இருமலும் உண்டு. ஒவ்வோரூரிலும் இத்தகையோர் ஒருவரோ இருவரோ எஞ்சியிருப்பர். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரிலே அவர்களைத் தேடிச்செல்லல் வேண்டும். திருத்துவதற்காகச் செல்லாது, கேட்பதற்காகச் செல்லல் வேண்டும். வருகின்ற நவம்பர் 13 ஆம் நாள், சுவாமிகளின் நினைவாக, அக்குழுவினர் மீண்டும் அம்மண்டபத்திலே பாடவிருக்கின்றனர். அந்த வெண்பாவை இம்முறை உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் பாடுவார். பாடுமுன் இயற்றிய மரபின் ஆசிரியர் பெயரையும், ஊரிலே அதனைக் கற்பித்த என் பெரியப்பாவின் பெயரையும் சொல்லும்படி அவரிடம் கேட்டிருக்கின்றேன்.